வாயால் சொன்ன இல்லை

பத்து வருஷத்துக்கு மேலாக, இல்லை என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கத்துப் பிளாசா ஒன்றில், பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்த கிளினிக்கின் முன்மேசையில் வேலை. வருகிறவரிடம், அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்ப்பதற்கான ஹெல்த் கார்ட்டை வாங்கி மெஷினில் இழுப்பேன். கார்ட் இருந்தால் கதிரையைக் காட்டுவேன். இல்லாவிட்டால் சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவேன். எங்கள் சனம் நிறைய வருகிற இடம் என்பதால் தமிழிலேயே சொல்லி அனுப்புவேன். அதில் எனக்குள்ளே ஒரு பெருமை கூட இருந்தது. மற்ற இடங்களில் முகத்தில் அடித்தமாதிரிச் சொல்வதை நான் பதமாகச் சொல்கிறேனாம்.

அந்தப் பெருமையைக் கெடுத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால் வந்து நின்று காரணம் கேட்கக்கூடிய ஆள். அக்கா என்றே சொல்கிறேன்.

என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். மன்னார்க்காரர். மல்வேர்னில் ஒரு வாடகைத் தொடர்மாடியில் இருந்தார். பாண் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் விடிகாலை வேலை. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி எங்கள் பிளாசாவில் வந்து இறங்கும்போது மத்தியானம் கடந்திருக்கும். தொழிற்சாலையில் தலைமயிருக்கு வலை போட்ட தடம் நெற்றியைச் சுற்றி அப்படியே இருக்கும். தன் வருத்தத்துக்கு என்று அவர் ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்தில் எப்போதும் வேறு யாராவது நிற்பார்கள்: பஸ்ஸில் சந்தித்தவர், தேவாலயத்தில் அழுதுகொண்டிருந்தவர், கீழ்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர். எல்லாரும் கார்ட் இல்லாதவர்கள்.

முதல்முறை ஒரு கர்ப்பிணிப் பிள்ளையோடு வந்தார். ஏழு மாதம். அகதி விண்ணப்பம் போட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கி, சப்பாத்தின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நின்றாள். தலையிடி என்றாள். கார்ட்டுக்குப் பதிலாக, படம் ஒட்டிய ஒரு அரசாங்கப் பேப்பரை நீட்டினாள். அதைப் பார்த்தவுடனே நான் என் வழக்கமான குரலில் சொன்னேன், இந்தப் பேப்பர் இங்கே எடுபடாது, மன்னிக்க வேணும் என்று.

அந்தப் பிள்ளை திரும்பிப் போகத் தயாராகிவிட்டாள். அக்கா அசையவில்லை. தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார். ஆரையோ கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்து, போட்டோகொப்பி எடுத்த தாள். இன்று இவரைப் பார்க்க மறுத்தோம் என்று ஒரு வரி. கீழே காரணம், பெயர், கையெழுத்து, திகதி ஆகியவற்றுக்கு வெறும் கோடுகள்.

"வாயால சொல்லாதேங்கோ தங்கச்சி," என்றார். "இல்லை எண்டால் இல்லை. எழுதித் தாங்கோ."

எனக்கு அப்படி எழுத அதிகாரம் இல்லை என்றேன். சொல்ல மட்டும் அதிகாரம் இருக்கோ என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. சத்தம் போடுகிறவரை வெளியே போகச் சொல்லலாம். பேனாவை நீட்டிக்கொண்டு அமைதியாக நிற்கிறவரை என்ன செய்வது? காத்திருந்தவர்கள் எல்லாரும் போனை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.

எட்டு ஒன்பது நாள் கழித்துத் தனியாக வந்தார். அன்றைக்கு அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனார்களாம். பிரஷர் ஏறிப்போய் இருந்ததாம். உடனே மறித்து வைத்து, பிள்ளையைக் காலத்துக்கு முன்னரே எடுத்தார்களாம். தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். இவ்வளவையும் ஒரு ஏச்சும் இல்லாமல் சொன்னார். நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன்.

"உங்களைக் குறை சொல்ல வரேல்லை," என்றார். "தெரியாமல் இருக்கக்கூடாது எண்டு சொல்ல வந்தனான்."

அன்று பின்னேரம் அந்தப் பேப்பரைப் பற்றி விசாரிக்கிற இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டுத்தான் ஆள் வந்தது. அந்தப் பேப்பர் வைத்திருக்கிறவரின் வைத்தியச் செலவை மத்திய அரசாங்கம் பொறுப்பெடுக்கிறது. கிளினிக் ஒரு படிவத்தை நிரப்பிப் பதிந்துகொண்டால் போதும். அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக இருக்கிற வழி. அத்தனை வருஷமும், உரிமை உள்ளவர்களைப் பார்த்து உனக்கு உரிமை இல்லை என்று நான் தமிழில், பதமாக, சொல்லி அனுப்பியிருக்கிறேன். டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைப் பற்றி ஒருவரும் தன்னிடம் கேட்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். கேட்கிறவர்களை அவரிடம் போகவிடாமல் மறித்ததுதான் என் வேலை என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. படிவத்தை நானே நிரப்பினேன். பத்து நிமிஷம் கூடப் பிடிக்கவில்லை.

அதற்காக அக்காவை எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்லமாட்டேன். எனக்கே பல நாள் அவர் தலையைக் கண்டால் எழும்பிப் பின்பக்கம் போய்விடத் தோன்றும். அழைத்துவரப்பட்டவர்களுக்கும் அவரோடு நிற்பது வெட்கம். வந்த நாட்டில் பேசாமல் இருந்துவிட்டால் காரியம் நடக்கும் என்று நம்புகிற சனம் நாங்கள். ஒருமுறை, மகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த ஒரு அம்மாவை அழைத்து வந்தார். விடாத இருமல். பயணக் காப்புறுதி இருந்தது. ஆனால் எங்கள் கிளினிக்கில் முதலில் காசைக் கட்டிவிட்டுப் பிறகு கொம்பனியிடம் கேட்டு வாங்கவேண்டும். மகள் கட்டத் தயார். அக்கா விடவில்லை. காப்புறுதியை ஏற்கமாட்டோம் என்று எழுதித் தரவேண்டும் என்று நின்றுவிட்டார். மனேஜர் வந்து பேசினார், போனார், திரும்ப வந்தார். ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அந்த அம்மா சால்வையை வாயில் வைத்து இருமிக்கொண்டு மூலைக் கதிரையில் இருந்தார். கடைசியில் மகள் அழுதுவிட்டாள்.

"அன்ரி, உங்கட சண்டைக்கு என்ர அம்மாவை வச்சிருக்காதேங்கோ," என்றாள்.

அக்காவின் முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். நான் வேலை முடிந்து போகும்போதும் பிளாசா வாசலில் போட்டிருந்த நீள மரவாங்கில் இருந்தார். பஸ் இரண்டு வந்து போனதையும் கவனிக்கவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். அந்தப் பிள்ளை சொன்னது சரிதான் என்று அவராகவே சொன்னார். அடுத்த மாதம் வேறொருவரோடு, அதே தாளோடு திரும்பவும் வந்தார்.

அகதிப் பேப்பர்க்காரரின் சங்கடம் ஒருவிதம் என்றால், முறைப்படி நிரந்தர வதிவிடம் கிடைத்து வந்து இறங்குகிறவர்களின் சங்கடம் இன்னொரு விதம். இந்த மாகாணத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. வந்து மூன்று மாதம் முடியும்வரை அவர்களுக்கு ஹெல்த் கார்ட் இல்லை. முதற் சம்பளத்திலிருந்தே வரி பிடிப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். காய்ச்சல் மட்டும் மூன்று மாதம் பொறுக்கவேண்டும். ஏன் மூன்று மாதம், ஏன் மூன்று நாள் இல்லை என்று யாரும் விளங்கப்படுத்தியதில்லை. நானும் கேட்டதில்லை. திகதியைப் பார்ப்பேன், விரலில் கிழமைகளை எண்ணுவேன், இன்னும் இத்தனை கிழமை பொறுங்கோ என்று அனுப்பிவிடுவேன்.

அப்படி ஆறு கிழமைக்கு முன் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை ஒரு மாசிமாதப் பகலில் அக்கா கொண்டுவந்தார். தகப்பனும் தாயும், நாலு வயது மகளும். பிள்ளை ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் தகப்பனின் தோளில் கிடந்தாள். காதிலிருந்து சீழ் வடிந்து ஜக்கெட்டின் கழுத்தில் காய்ந்திருந்தது. அந்த நேரம் மனேஜரின் கட்டளை கடுமையாக இருந்தது: கார்ட், இல்லாவிட்டால் முழுக் காசும் முன்கூட்டியே, இரண்டும் இல்லையென்றால் உள்ளே விடவேண்டாம். தகப்பனுக்கு இன்னும் முதற் சம்பளம் வரவில்லை.

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அக்கா தாளை வைத்தார். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ தெரியாது, பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினேன். பிள்ளையின் பெயர். வயது நாலு. காரணம் என்ற கோட்டில், வந்து மூன்று மாதம் முடியவில்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் எழுதியதை ஒருதரம் வாசித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து பத்துத் தரம் வாயால் சொல்கிற வசனம்தான். தாளில் கிடந்தபோது அதைப் பார்க்க முடியவில்லை. இதற்குக் கீழே என் அம்மா அப்பா வைத்த பெயரை எழுதவேண்டும் என்று நினைக்க உடம்பு கூசியது.

எழும்பி, தாளைக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். என்ன இது என்றார்.

"நீங்கள் சைன் பண்ணவேணும் டொக்டர். நான் பண்ணமாட்டன்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்று வரியை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார். காதைப் பார்த்தார், மருந்து எழுதினார், அலுமாரியிலிருந்த மாதிரிப் போத்தல் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். ஏழெட்டு நிமிஷ வேலை. அந்த ஏழெட்டு நிமிஷத்தை மறிக்கத்தான் ஒரு சட்டமும், ஒரு மனேஜரும், சம்பளம் கொடுத்து என்னையும் வைத்திருந்தார்கள்.

மனேஜர் அதை லேசில் விடவில்லை. என் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். கார்ட் இல்லாதவர்கள் உள்ளே வரவேண்டாம் என்று பெரிய எழுத்தில் அடித்து வாசற் கண்ணாடியில் ஒட்டினார். அதைக் கண்டு அக்கா ஆத்திரப்படுவார் என்று நினைத்தேன். அவரோ கல்யாணப் படம் எடுப்பவரைப் போல முன்னும் பின்னும் போய்ப் போனில் நாலைந்து படம் எடுத்தார்.

"இப்பதான் ஒரு மனுசன் எழுதியிருக்கிறான்," என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

படத்தைக் கொண்டுபோய் இலவசச் சட்ட உதவி செய்கிற ஒரு அலுவலகத்தில் காட்டியிருக்கிறார். அங்கிருந்து டொக்டருக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு கிழமைக்குள் அறிவித்தலைச் சுரண்டி எடுத்தார்கள். பசை கண்ணாடியில் அப்படியே இருந்தது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் எனக்கு அவரோடு தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குப் பழக்கம் வந்தது. பிளாசாவின் டோனற் கடையில் ஒருநாள், ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேலை என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு மூன்று வருஷம் எடுத்திருந்தது.

அவர் முதலில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். புருஷனை ஸ்பொன்சர் பண்ணி எடுப்பதற்கு ஒன்பது வருஷம் போனது. ஒருவழியாகப் புருஷன் வந்து இறங்கினார். ஏழாவது கிழமையில், மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது என்றார். ஒரு கிளினிக்குக்குப் போனார்கள், எங்களுடையது இல்லை, வேறு இடம். முன்மேசையில் ஒரு தமிழ்ப் பெண். திகதியைப் பார்த்துவிட்டு, இன்னும் ஐந்து கிழமை இருக்கு, இப்ப காட்டினால் எல்லாப் பரிசோதனைக்கும் நீங்கள்தான் காசு கட்டவேண்டிவரும், வாய்வாக இருக்கும், கார்ட் வந்தபிறகு வாங்கோ என்று அன்பாகச் சொல்லியிருக்கிறாள். அக்கா கட்டியாவது காட்டுவோம் என்றாராம். புருஷன்தான் சிரித்தாராம். விசாவுக்கு ஒன்பது வருஷம் இருந்தனாங்கள், ஐந்து கிழமை ஒரு பெரிய விஷயமே என்றாராம்.

ஒன்பதாவது கிழமை, வேலை தேடிப் போகும்போது மல்வேர்னில் பஸ் தரிப்பில் விழுந்தார். அம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் வயரும் குழாயுமாக என்னென்னவோ எல்லாம் செய்தார்கள்.

"அண்டைக்கு ஒருத்தரும் கார்ட் கேக்கேல்லை," என்றார் அக்கா. "செத்துப்போற ஆளிட்டக் கேக்கிறேல்லைப் போல."

செத்தவீடு முடிந்து அந்தக் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். சண்டை பிடிக்க இல்லை, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க. இங்கே அப்படி ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்றார்களாம். நெஞ்சு நோவு என்றால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம் என்றார்களாம். எழுத்தில் ஏதாவது இருக்கா என்று கேட்டார்களாம். அந்தத் தமிழ்ப் பெண்ணும் அங்கேயே இருந்திருக்கிறாள். தனக்கு ஞாபகமே இல்லை என்றாளாம். அவள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஞாபகம் இல்லை என்றுதான் தான் நினைப்பதாக அக்கா சொன்னார்.

நான் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தேன். நெஞ்சு நோவு என்று வந்த எத்தனை பேருக்கு நான் கிழமைகளை எண்ணிக் காட்டியிருக்கிறேன் என்று யோசித்தேன். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அவள் என்னைப் போல இருந்தாளா என்று கேட்டேன்.

"முகம் இல்லை," என்றார். "குரல் உம்மட குரல் மாதிரித்தான்."

அதற்குப் பிறகு அந்த மேசையில் நான் அதிக காலம் இருக்கவில்லை. கோவிட் வந்தபோது நான் கிளினிக்கில் கடைசி மாதத்தில் இருந்தேன். கதவு பூட்டி, எல்லாம் போனில்தான். அந்த நாட்களில் ஒரு காலை, மாகாண அரசாங்கத்தின் அறிவித்தல் ஒன்று வந்தது. மூன்று மாதக் காத்திருப்பை நீக்கிவிட்டார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்தே கார்ட். அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை, மத்தியானம் நேரே வந்துவிட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே முகக்கவசத்தோடு அவர், உள்ளே நான், இருவர் காதிலும் போன். அறிவித்தலைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இரண்டாந்தரமும் சொல்லச் சொன்னார்.

"முன்னம் காத்திருந்த ஆக்களைப் பற்றி ஏதும் போட்டிருக்கே?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"ஒரு நாளில நீக்கக்கூடிய ஒண்டு," என்றார். "ஒரே நாளில."

பிறகு, தான் ஒரு கடிதம் போடவேண்டும், ஆங்கிலத்தில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. புருஷன் வந்த திகதி, நெஞ்சு நோவு வந்த திகதி, இறந்த திகதி. பிறகு ஒரேயொரு கேள்வி: என் கணவரைக் காத்திருக்கச் சொன்ன அந்த மூன்று மாதம் எதற்காக? அதைப் பொறுப்பான அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

நாலு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. அப்போது நான் கிளினிக்கை விட்டு, கார்ட் இல்லாதவர்களையும் பார்க்கிற ஒரு சமூகச் சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அக்கா உறையை உடைக்காமல் அங்கே கொண்டுவந்தார். நான் உடைத்து வாசித்தேன். உங்கள் அக்கறைக்கு நன்றி என்று தொடங்கியது. காத்திருப்புக் காலம் இப்போது இல்லை என்று மகிழ்ச்சியோடு தெரிவித்தது. ஆகவே உங்கள் கணவர் இப்போதே ஹெல்த் கார்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. வசதிக்காக விண்ணப்பப் படிவம் ஒன்றையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

நான் இடையில் நிறுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன கிடக்கோ அதை அப்படியே வாசியும் என்றார். அப்படியே வாசித்தேன். கணவர் விண்ணப்பிக்கலாம் என்ற வரியில் அவருடைய விரல்கள் கைப்பையின் வாரைப் பிடித்திருந்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அழவில்லை. அழுதது நான்தான். துக்கத்தால் இல்லை. அந்தக் கடிதத்தில் யாரோ ஒருவர் நீல மையால் கையெழுத்துப் போட்டிருந்தார், அழகாக, அவசரமில்லாமல். நாங்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட வாசிக்காமல் போட்ட கையெழுத்து.

அக்கா படிவத்தைத் தனியாக எடுத்து வைத்தார். தன்னுடைய மாடியில் போன கிழமை வந்திறங்கிய ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு உதவும் என்றார். பிறகு கதிரையை இழுத்து என் மேசைக்குக் கிட்டப் போட்டார்.

"மறுமொழி எழுதும்," என்றார்.

என்ன எழுத என்று கேட்டேன்.

"அவர் விண்ணப்பிக்கேலாது எண்டு எழுதும். ஏன் எண்டும் எழுதும். கேள்வியைத் திரும்பவும் எழுதும்."

எழுதினேன். அக்கா இப்போது ஒஷாவாவில் தங்கை குடும்பத்தோடு இருக்கிறார். கோவிட் நேரம் கார்ட் இல்லாதவர்களையும் ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்று வைத்திருந்த ஏற்பாட்டையும் பிறகு நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதுவித்தார். ஒவ்வொரு வருஷமும், புருஷன் இறந்த கிழமையில், என்னைப் போனில் பிடித்து அந்தப் பழைய கேள்வியைப் புதுத் திகதி போட்டு அனுப்பச் சொல்கிறார். அனுப்புகிறேன். இதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.